ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கி: குறி தவறுவது ஏன்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துப்பாக்கி சுடும் சங்கத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்களில் பலர் முதலில் குறை சொல்வது துப்பாக்கியைத்தான். நேற்று நடுவில் விழுந்த குண்டு இன்று ஓரத்துக்குப் போனால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால், ஸ்பிரிங்கில் இயங்கும் காற்றுத் துப்பாக்கியில் பெரும்பாலும் தவறு அதைப் பிடிக்கும் கையில்தான் இருக்கிறது.

குழலை மடித்து இழுக்கும்போது உள்ளே உள்ள ஸ்பிரிங் சுருங்கிப் பூட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நெருக்க, அந்தக் காற்று குண்டை வெளியே தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் நிற்கும்போது முன்னால் குதிக்கும். இந்த ஆட்டம் தொடங்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது.

இறுக்கிப் பிடித்தால் இந்த ஆட்டம் அடங்கிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்கம் யாருக்கும் வராது. இறுக்கம் மாறினால் உதைப்பும் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். அதனால் முன்கையை விரித்து, உள்ளங்கையில் துப்பாக்கியைக் கிடத்த வேண்டும். விரல்களால் பற்றக்கூடாது. தோளிலும் கன்னத்திலும் லேசாகப் பட்டால் போதும். கை வைக்கும் இடம் எப்போதும் ஒன்றாக இருக்க, அங்கே சிறிய டேப் ஒட்டிக்கொள்ளலாம். மேசையில் வைத்துச் சுடும்போதும் துப்பாக்கியை நேராக மரத்தின் மேல் வைக்காமல், நடுவில் கையை வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மூச்சு. பாதி மூச்சை விட்டு நிறுத்தி, சில விநாடிகளுக்குள் சுட வேண்டும். கை நடுங்கத் தொடங்கினால் துப்பாக்கியை இறக்கி, மீண்டும் தொடங்குவதே சரி. விசையை விரல் நுனியால் நேராகப் பின்னுக்கு, மெதுவாக இழுக்க வேண்டும். சுட்ட உடனே தலையைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி முடிக்கும் வரை அசையாமல் இருக்க வேண்டும்.

போட்டிகளில் இன்று பயன்படுவது அழுத்தக் காற்றுத் துப்பாக்கி. அதில் இந்த உதைப்பு இல்லை. ஆனால் நிதானம் அங்கேயும் அதேதான். 10 மீட்டர் இலக்கில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் இறுதிச் சுற்றில் இந்தியாவின் மெஹுலி கோஷ் கடைசிக் குண்டில் 10.9 எடுத்துச் சமன் செய்தார். தங்கம் கிடைத்துவிட்டதாக எண்ணி அவர் மகிழ்ந்தார். ஆனால் வெற்றியை முடிவு செய்ய இன்னொரு குண்டு சுட வேண்டியிருந்தது. அதில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 10.3, மெஹுலி 9.9. தங்கம் சிங்கப்பூருக்குச் சென்றது.

குண்டையும் கவனிக்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குண்டுகளிலேயே எடையும் வடிவமும் பலவிதம். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று ஒத்துவரும். சில வகைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டு, நெருக்கமாக விழுவதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்தும் ஒரே இடத்தில் கூடினால்தான் குறிகாட்டியைத் திருப்ப வேண்டும். ஒரே ஒரு குண்டை நம்பித் திருப்பக்கூடாது. தொலைநோக்கி பொருத்தினால் ஸ்பிரிங் துப்பாக்கியின் இரட்டை உதைப்பைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். திருகுகள் தளர்ந்தாலும் குறி ஓடும். சுடுவதற்கு முன் சரிபார்ப்பது அவசியம்.

குண்டு இல்லாமல் சுட்டால் பிஸ்டன் வேகமாக மோதிக் கெடும். குண்டு போடும்போது மடித்த குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். விசை தவறி விழுந்தால் குழல் நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். குண்டுகள் ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் கையைக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டம். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். சிங்கப்பூரிலும் அனுமதி வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று பிள்ளைகள் வரவழைத்தால், மாட்டிக்கொள்வது குடும்பம். ஆர்வம் உள்ள பிள்ளையைப் பதிவு பெற்ற சங்கத்தில் சேர்த்துவிடுவதே நல்லது. அங்கே துப்பாக்கியும் உண்டு, பயிற்சியாளரும் உண்டு.