முதலில் அடுக்குங்கள், பிறகு தையுங்கள்!

பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் எனக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணாச்சிமார் கேட்கலாம். எங்கள் வீட்டம்மா தையல் கடைகளில் கழியும் வெட்டுத்துணியை வாங்கி, சதுரமாக நறுக்கி, ஒட்டுத்துணிப் போர்வை தைத்து விற்பவர். கடைக்காரர் குடும்பங்களில் இப்படிக் கைத்தொழில் தெரிந்த பெண்கள் பலர் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு போர்வைக்குச் சொல்லியிருந்தார். வீட்டம்மா 120 துண்டுகளைத் தரையில் பரப்பி, நிறம் பார்த்து மாற்றி மாற்றி வைத்து இரண்டு நாள் உழைத்தார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று நம் வள்ளியூர்ப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ பின்வாசல் கதவைத் திறந்தார்கள். அத்தனை துண்டும் பறந்தது. கெடு நெருங்கியதால் ஞாபகத்தை வைத்தே தைத்து முடித்தார். விரித்துப் பார்த்தால் அடர்ந்த நிறமெல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. வாங்க வந்தவர் பாதி விலைதான் கொடுத்தார். "காசு போனது போகட்டும். இந்த முட்டி இனி தரையில மடங்காதுங்க" என்று வீட்டம்மா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. தொழிலே நின்றுவிடும் நிலை.

தரையில் பரப்புவதைச் சுவரில் பரப்பினால் என்ன? மேல்நாடுகளில் ஒட்டுப் போர்வை தைப்பவர்கள் இதை 'டிசைன் வால்' என்கிறார்கள். நாங்கள் அடுக்குப் பலகை என்கிறோம். பலகை மேல் பிளானல் துணி போர்த்தியிருக்கும். பிளானலின் மேற்பரப்பில் பஞ்சு போலக் கிளம்பியிருக்கும் இழைகள் பருத்தித் துண்டின் இழைகளைப் பற்றிக்கொள்ளும். பசை, ஊசி இல்லாமலே துண்டு நிற்கும். எடுத்து வேறிடத்தில் வைத்தால் அங்கேயும் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் படம் ஒட்டிக் காட்டும் பிளானல் பலகையும் இதே விதம்தான்.

செய்முறை:

1. தெர்மாகோல் அட்டை 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் கிடைக்கும். ஓர் அங்குலக் கனம் உள்ளதாக 8 அட்டை வாங்குங்கள். நான்கை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பின்புறம் அகல டேப் ஒட்டினால் 1 மீட்டருக்கு 2 மீட்டர் பலகை ஒன்று. அப்படி இரண்டு செய்யுங்கள். மேலும் கீழும் மெல்லிய ரீப்பர் கட்டை கொடுத்தால் வளையாது. வேலை முடிந்ததும் பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம்.

2. வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பிளானலை நான்கு பக்கமும் நான்கைந்து அங்குலம் கூடுதலாக வெட்டி, இழுத்துப் போர்த்திப் பின்புறம் டேப்பால் ஒட்டுங்கள். பூப்போட்ட துணி வேண்டாம், கண்ணை ஏமாற்றும். ரப்பர் பசையும் வேண்டாம். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

3. சுவர் உலர்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரும், தொட்டால் சுண்ணாம்பு உதிரும் சுவரும் ஆகாது. மிளகாய் வற்றல் மூட்டை இருக்கும் அறையும் ஆகாது. துணியில் நெடி ஏறிவிடும். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும். விளக்கு, ஊதுபத்தி, இஸ்திரிப் பெட்டி அருகில் வரக் கூடாது.

4. எட்டு, பத்து அடி தள்ளி நின்று பார்க்க இடம் வேண்டும். பகல் வெளிச்சம் படும் சுவராக இருப்பது நல்லது. ஜவுளிக்கடையில் சேலையை வாசலுக்கு எடுத்துவந்து நிறம் பார்ப்பதில்லையா, அதே காரணம்தான்.

5. ஆடிக் காற்றுக்குப் பிளானலின் பிடிப்பு மட்டும் போதாது. துண்டுக்கு ஒரு குண்டூசி குத்திவிடுங்கள். தெர்மாகோல் என்பதால் எளிதாக இறங்கும். வழுவழுப்பான பாலியஸ்டர் துணிக்கு எந்த மாதமானாலும் ஊசி வேண்டும். இழுத்தால் நீளும் பனியன் துணி இந்த வேலைக்கே உதவாது.

இனி கணக்கு. ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டிய துண்டு, நான்கு ஓரமும் கால் அங்குலம் தையலில் போய் 6 அங்குலமாக நிற்கும். அகலத்தில் 10, உயரத்தில் 12 என 120 துண்டு அடுக்கினால் பலகையில் 65 அங்குலத்துக்கு 78 அங்குலம் இருக்கும். தைத்து முடித்தால் 60-க்கு 72, அதாவது 5 அடிக்கு 6 அடிதான். பலகையில் உள்ள அளவைப் பார்த்து வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்தால் பெயர் கெடும்.

அடுக்கியபின் செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடர்த்தியும் வெளிர்ப்பும் எங்கே குவிந்திருக்கிறது என்று உடனே தெரியும். மறுநாள் காலையில் இன்னொரு முறை பார்த்தபின் எடுங்கள். ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக எடுத்து அடுக்கி, வரிசை எண் எழுதிய சீட்டை மேலே குத்திவிட்டால், எத்தனை நாள் கழித்துத் தைத்தாலும் வரிசை மாறாது.

முன்னதாகவே வடிவத்தைக் குத்தி வைத்துக்கொண்டு வேலை செய்வது நம் பகுதிக்குப் புதிதல்ல. பக்கத்து இடையன்குடியில் பேராயர் கால்டுவெல்லின் துணைவியார் எலிசா பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். 1844-இல் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. ரேந்தைத் தலையணையில் மாதிரித் தாளை முதலில் ஊசியால் குத்தி வைத்த பிறகுதான் நூலைத் தொடுவார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் மட்டும் எதையும் முன்கூட்டிப் பரப்பாமல், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். அது தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம். புதிதாகத் தொடங்குவோருக்குப் பலகைதான் பாதுகாப்பு.

பழந்துணிதானே என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-இல் அந்நாட்டு அரசு அவற்றைத் தபால்தலையாகவும் வெளியிட்டது.

புதுக்கடை திறக்கும் அண்ணாச்சி சரக்கை அடுக்கியதும் ரோட்டில் இறங்கி நின்று பார்க்கிறார். ஒரு டப்பா இடம் மாறியிருந்தால் உடனே மாற்றிவிடுகிறார். தைத்த போர்வையில் ஒரு துண்டை மாற்ற வேண்டுமென்றால் சுற்றியுள்ள தையல் அத்தனையும் பிரிக்க வேண்டும். அந்த நஷ்டத்தைத் தவிர்க்கத்தான் இந்தப் பலகை.

எங்கள் வீட்டில் இப்போது வீட்டம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி துண்டு வைக்கிறார். மேல் வரிசைக்கு நான்தான் ஆள். எட்டடி தள்ளி நின்று, "அந்த நீலத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்க" என்பார். ஐம்பது வருஷமாகக் கடையில் நான் பிறருக்குச் சொன்னதை இப்போது வீட்டில் கேட்டு நடக்கிறேன். அதில் குறைவொன்றும் இல்லை. உங்கள் வீட்டிலும் தையல் தெரிந்தவர் இருந்தால் கடையை அடைத்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு பலகை செய்து கொடுங்கள்.