வர்ணம் பூசுவதற்கு முன்னால்

கனடாவில் ஒருவர் தம் கையாலேயே விமானம் கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையை அனுபவிக்க முனைகிறவர்களில் சிலர், இறக்கையின் ஃபைபர்கிளாஸ் வேலை முடிந்த கையோடு பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, பளபளவென்று வர்ணமும் பூசி முடித்த பிறகுதான், இதையெல்லாம் பார்வையிட ஓர் அதிகாரி உண்டு என்பதை நினைத்துப் பார்க்கிறார்கள். மாண்ட்ரியாலிலும் சுற்றுப்புறங்களிலும் இந்தத் தலைகீழ் முறையைத் திரும்பத் திரும்பக் காண நேரும்போது, அனுதாபத்தைவிட எரிச்சலே மிஞ்சுகிறது.

எபாக்ஸி ஊறி இறுகிய கண்ணாடி நார்த் துணி தன் குறையை ஒளித்துக்கொள்ளாது. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், காற்றுக் குமிழி சிக்கிய இடமும், ரெசின் போதாமல் துணி வறண்ட இடமும் வெளிறித் தெரியும். பட்டி ஏறிவிட்டாலோ அந்தச் சாட்சியம் அழிந்துபோகும். பிறகு சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை.

மத்திய அரசின் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடா இந்தச் சோதனைப் பொறுப்பை எம்டி-ஆர்ஏ என்னும் பிரதிநிதி அமைப்பிடம் ஒப்படைத்திருக்கிறது. வேலையை ஆரம்பிக்கும்போதே அதற்கு உத்தேசக் கடிதம் அனுப்பிக் கட்டணம் செலுத்த வேண்டும். மூடிவிட்டால் கண்ணுக்கு எட்டாமற்போகும் பாகங்களை மூடுவதற்கு முன்பே பரிசோதகரிடம் காட்ட வேண்டும். விமானம் பூர்த்தியானதும் இறுதிச் சோதனை. வேலையில் பெரும்பகுதி பொழுதுபோக்காகக் கட்டுகிறவரின் உழைப்பே என்று நிரூபிக்கும் பொறுப்பும் கட்டுகிறவருடையதே. ஆகையால் துணி, ரெசின் வாங்கிய ரசீதுகள், தேதியிட்ட புகைப்படங்கள், அன்றன்றைய வேலைக் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். எடை பார்ப்பது வர்ணத்துக்குப் பிறகு. பட்டியும் பெயிண்டும் சேர்க்கும் கனம் சாமான்யமானதல்ல. வாலிலும் இறக்கையிலும் அசையும் பலகைகளின் சமநிலையையும் மறுபடி பார்க்க வேண்டும். அது பிசகினால் வேகத்தில் அப்பலகை படபடத்து முறிந்தே போகக்கூடும். கருநிறத்தில் ஆசை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயிலில் அந்த நிறம் இழுக்கும் உஷ்ணத்தில் எபாக்ஸி இளகக்கூடும் என்பதாலேயே இவ்வகை விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கின்றன.

அடுத்தது சுவாசத்தைப் பற்றியது. ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் வர்ணத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. வாசனையை நம்பி அதன் அளவை அறிய முடியாது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு அற்ப அளவு பட்டாலே மூச்சுத் திணறும். காகித முகமூடி இதற்குத் தடுப்பே அல்ல. மீண்டும் சொல்கிறேன், காகித முகமூடி தடுப்பே அல்ல. வெளியிலிருந்து சுத்தக் காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் வேண்டும். அது இல்லாதவர்கள், ஜனவரிக் குளிரில் கதவைச் சாத்தி, ஹீட்டரை மூட்டி, வீட்டோடு ஒட்டிய கராஜில் ஸ்பிரே கன்னை எடுப்பதைவிட, முறையான வர்ணக்கூடத்தில் கொடுத்துக் காசு செலவழிப்பதே விவேகம்.

பிறரிடம் கூலிக்கு இவ்வேலை செய்கிறவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அதைக் கேட்டுப் பெறத்தான் ஆள் இல்லை. வேலை நாட்களில் இருமலும் இழுப்பும் வந்து, விடுமுறையில் தணிந்தால், சளி என்று சும்மா இருக்காமல், எந்த வர்ணத்தோடு வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் டப்பாவின் பெயரோடு சொல்லுங்கள். தொழில்சார் ஆஸ்துமாவைக் கண்டறிவதில் மாண்ட்ரியாலின் சாக்ரே-கெர் மருத்துவமனை நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. மருத்துவரின் சான்றையும் தொழிலாளர் கோரிக்கைப் படிவத்தையும், கியூபெக்கில் தொழிலாளர் இழப்பீட்டைக் கவனிக்கும் அமைப்பான சிஎன்இஎஸ்எஸ்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நோய் தொழிலால் வந்தது என்று தெரியவந்த நாளிலிருந்து ஆறு மாதமே அவகாசம். ஆறு மாதம் என்பதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். முதலாளி உங்களைப் பதிவு செய்யாமல் ரொக்கமாகக் கூலி கொடுத்திருந்தாலும் உரிமை போய்விடாது. "உனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று அவர் சொல்வதை நம்பி வீட்டில் உட்கார்ந்தவர்களே ஏமாந்தவர்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அபாயகரமான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமையும் சட்டத்திலேயே இருக்கிறது.

பாலியெஸ்டர் ரெசினைக் கையாள்பவர்கள், அதை இறுக்கச் சேர்க்கும் திரவம் ஒரு துளி தெறித்தாலும் கண்ணைப் பறிக்க வல்லது என்பதை அறிய வேண்டும். உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே, கியூபெக் விஷமுறிவு மையத்தை 1-800-463-5060 என்ற எண்ணில் உடன் இருப்பவரைக் கொண்டு அழைக்கச் செய்யுங்கள். மீந்த அசிட்டோனையும் பெயிண்டையும் சாக்கடையில் கொட்டாமல், வசிப்பிடச் சான்றுடன் நகரசபையின் கழிவுச் சேகரிப்பு நிலையமான எக்கோசாந்தருக்குக் கொண்டுபோங்கள்.

சொந்தக் கராஜில் சொந்த விமானத்துக்கு வர்ணம் அடித்து நோயுற்றவருக்கு சிஎன்இஎஸ்எஸ்டி ஒரு டாலரும் தராது.