கூட்டுறவுச் சங்கமும் கைப்பேசியும்

கூட்டுறவு இயக்கம் பண்டங்களை விற்பதற்காக மட்டும் தோன்றியதன்று. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தங்கள் சிறு கடையைத் திறந்தபோது, மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில சரக்குகளே அதில் இருந்தன. அவர்களுள் பலர் நெசவாளர். பெரிய வணிகரோடு போட்டியிட அவர்களிடம் முதல் இல்லை. எனினும், கலப்படமற்ற பண்டம், சரியான எடை ஆகிய இரண்டையும் நம்பி அண்டை வீட்டார் அக்கடையைத் தேடி வந்தனர். சில ஆண்டுகளில் அங்கே வாசகசாலையும் ஏற்பட்டது. அக்கம்பக்கத்தாரின் உறவே அந்தக் கடையின் உண்மையான மூலதனமாக இருந்தது.

இதை இன்று நாம் நினைவுகூர்வதற்குத் தக்க காரணம் உண்டு. நமது சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டினால், எத்தனை சேலைகள் விற்றன, எத்தனை போர்வைகள் தேங்கின என்பது தெளிவாகத் தெரியும். அவற்றை வாங்கியவர் யார் என்பது மட்டும் தெரியாது. தனியார் வணிகரோ இதை நன்கு அறிவார். தை மாதத்தில் எந்த வீட்டில் கலியாணம், எந்த வீட்டார் அரக்கு நிறத்தை விரும்புவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடையில் அடுக்கிய துணியைவிட இந்த அறிவே அவருடைய பெருஞ்செல்வம்.

1935ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் நமது துணிகளை ஊர் ஊராகக் கொண்டு சென்றிருக்கிறது. பண்டிகைக் காலத் தள்ளுபடியும் விற்பனைக்குத் துணைபுரிகிறது. ஆயினும், பண்டிகை முடிந்த பின் வரும் மாதங்களில் என்ன நேர்கிறது? துணி தேங்குகிறது, சங்கத்தின் பணம் துணியில் முடங்குகிறது, பாவும் ஊடை நூலும் அளவு குறைந்து வருகின்றன, தறி நிற்கிறது, கூலி குறைகிறது. விளைபொருள் விற்போர் நிலை இதனினும் கடினம். துணி அலமாரியில் காத்திருக்கும். கீரையும் தக்காளியும் காத்திரா. ஆகவே, ஆண்டு முழுவதும் நம்மிடம் வந்து வாங்கும் உள்ளூர் மக்களைத் தேடிக்கொள்வது நமது வாழ்க்கைப் பிரச்சினையாகும். இப்பணிக்கு, இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கைப்பேசியையும் அதில் இயங்கும் சமூக ஊடகங்களையும் பயன்படுத்தும் வகை யாது என்பதை ஆராய்வோம்.

அண்மையிலிருந்து தொடங்குக

சமூக ஊடகம் என்றதும் உலகம் முழுவதும் நம் துணியைக் காணும் என்ற ஆசை எழுவது இயல்பு. பதினாயிரம் பேர் படத்தைப் பார்த்துவிட்டுக் கடந்து போவதால் ஒரு போர்வையும் விற்காது. பஸ்ஸில் வந்து போகும் தூரத்தில் உள்ள இருநூறு குடும்பங்கள் நம்மை அறிந்திருந்தால், ஒரு சிறு சங்கத்துக்கு அதுவே பெரும் பலம்.

அந்த இருநூறு குடும்பங்களை எங்கே தேடுவது? முதலில் தையற்காரரை நினைவில் கொள்ளுங்கள். ரவிக்கைத் துணிக்கு அவர் சொல்லும் யோசனையைப் பெண்கள் கேட்பர். அடுத்து, கலியாண மண்டபம் நடத்துவோர். பவானி ஜமக்காளத்தின் பயனை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோரும் உண்டு. விளைபொருள் சங்கத்தாருக்கு உணவு விடுதிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உண்டு. இவர்களை முதலில் நேரில் காண வேண்டும். பிறகே எண்ணைக் கேட்க வேண்டும். கைப்பேசி உறவைக் காக்குமேயன்றி, இல்லாத உறவை உண்டாக்கிவிடாது. 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை நிலைபெற்றதற்கும், விளைவிப்பவரும் உண்பவரும் முகம் பார்த்துப் பேசியதே ஒரு காரணம் அன்றோ!

எவ்வழி எதற்கு உகந்தது?

வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலி 2018ஆம் ஆண்டு முதல் சிறு வியாபாரிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பண்டங்களின் படம், விலை, கடை திறக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கலாம். பலருக்குச் செய்தி அனுப்ப இரு வழிகள் உள்ளன. ‘குழு’வில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் ஒருவர் எண்ணை மற்றவர் காண இயலும். ‘பிராட்காஸ்ட்’ எனும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சென்று சேரும். நமது எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவருக்கே அது சேரும் என்பதை மறவாதிருக்க வேண்டும். ஆகவே, ரசீது எழுதும்போதே, “எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்” என்று கேட்பது நலம். இசைவு தராதவரைப் பட்டியலில் சேர்ப்பது முறையன்று.

ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஊர்த் திண்ணை போன்றவை. 2018ஆம் ஆண்டு ஃபேஸ்புக் நிறுவனம் தன் முறையை மாற்றி, வியாபாரப் பக்கங்களைவிட நண்பர், உறவினர் பேச்சுக்கு முதலிடம் தருவதாக அறிவித்தது. இதனால் நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. விளம்பரம் மட்டும் இட்டால் எவரும் காணார். கேட்பவருக்கு மறுமொழி தந்து உரையாடினால் காண்பர்.

எதைக் காட்டுவது?

காலை வணக்கப் பூக்களை அனுப்ப நாட்டில் ஆட்குறைவில்லை; அப்பணியைச் சங்கம் மேற்கொள்ள வேண்டாம். நாம் மட்டுமே காட்டக்கூடியதைக் காட்டுவோம். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலுக்கும் இரு கரைகளுக்கும் மூன்று நாடாக்கள் ஓடுவதையும், பக்கத்தில் ஒரு துணையாள் அமர்ந்து கைகொடுப்பதையும் ஒரு நிமிடப் படமாகக் காட்டினால், அதன் விலைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஈரோட்டு மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றுவதைக் கண்ட இல்லத்தரசி அதை மறவார். “இன்று காலை பறித்த கத்தரிக்காய், மாலை 4 மணிக்குச் சங்கக் கடையில்” என்ற ஒரு வரி பத்து விளம்பரங்களுக்குச் சமம். வாரத்துக்கு இரண்டு செய்திகள் போதும். தறியில் அமர்ந்திருப்பவரைப் படமெடுக்குமுன் அவர் சம்மதம் கேட்க வேண்டும்.

நாணயம் தவறலாகாது

கைப்பேசிப் படத்தில் சாயத்தின் நிறம் சிறிது மாறித் தோன்றும். பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, நீளம், அகலம், நூலின் வகை ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, “நேரில் வந்து நிறம் பாருங்கள்” என்று அழைப்பதே நேர்மை. கைத்தறியின் படத்தைக் காட்டி விசைத்தறித் துணி விற்போர் இருக்கும் நாளில், நமது சொல்லே நமது முத்திரை. குறை கூறி எழுதுவோரின் எழுத்தை அழித்துவிடாமல் எல்லோரும் காண மறுமொழி தருக; சாயம் போயிற்று என்றால் துணியை மாற்றித் தருக. அந்த ஒரு மறுமொழியைப் பார்ப்போர் பலர்.

பணம் பெறுவதிலும் எச்சரிக்கை தேவை. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை. “பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்” என்பவர் ஏமாற்றுக்காரர். மோசம் நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

எண் சங்கத்தினுடையது

மிக முக்கியமான செய்தியை இறுதிக்கு வைத்தோம். செயலாளரின் சொந்த எண்ணில் வாடிக்கையாளர் பட்டியலை வைத்தால், அவர் பதவி விலகும் நாளில் அந்த உறவும் அவருடனே போய்விடும். எண் சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும். பொறுப்பாளருக்கு ஊதியமும் வேண்டும். நெசவாளர் வீட்டு இளைஞருக்கு இப்பணியைத் தரலாம். இலவசமாக உழைக்கச் சொன்னால் இரண்டு மாதத்தில் அது நின்றுவிடும். ஊடக நிறுவனங்கள் தம் விதிகளை எப்போது வேண்டுமாயினும் மாற்றக்கூடும். ஆதலின், வாங்கியவர் பெயர், எண், வாங்கிய பொருள், விருப்பம் ஆகியவற்றை ஒரு பேரேட்டிலும் எழுதி வைப்போம். அவ்விவரங்களைப் பிறரிடம் தரலாகாது என்பதும் தீர்மானத்தில் இடம்பெறட்டும்.

அங்கத்தினர்களே! அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை விவாதியுங்கள். முதலில் 50 குடும்பங்களோடு தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து, அவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தனர் என்று பேரேட்டைப் பாருங்கள். மீண்டும் வந்தவரின் எண்ணிக்கையே நமது முயற்சிக்கு உரிய அளவுகோல். அந்த எண்ணிக்கை வளருமாயின், பண்டிகை இல்லாத மாதங்களிலும் நமது தறிகளின் ஓசை ஓயாது.