தொடுதிரையும் நமது கைகளும்

வன்னி மக்களுக்கு இயந்திரம் புதியதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். மின்கலம் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். எதையும் கழற்றிப் பார்க்கும் துணிவு அன்று நம்மிடம் இருந்தது.

இன்று அந்தத் துணிவு ஒரு கண்ணாடிக்கு முன்னால் தயங்கி நிற்கிறது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் மின்சாரம் மீண்டும் வந்தது. அதனுடன் புதிய இயந்திரங்களும் வந்தன. அரிசி ஆலையில் கறுப்பு, பழுப்பு மணிகளைக் கமெராவால் கண்டு, காற்றை ஊதி ஒதுக்கும் நிறம் பிரிக்கும் இயந்திரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் முகப்பில் இருப்பது ஒரு தொடுதிரை. அது இருண்டால் வேலை நிற்கிறது. தூர இடத்திலிருந்து தொழில்நுட்பவியலாளர் வரும்வரை காத்திருக்கிறோம். காலபோக அறுவடை குவியும் மாசி, பங்குனியில் இப்படிக் காத்திருந்தால் நட்டம் யாருக்கு? ஆலைக்காரருக்கு மட்டுமல்ல, ஈரநெல்லை வந்த விலைக்கு விற்க நேரும் விவசாயிக்கும்தான்.

திரை வேறு, மூளை வேறு

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். தொடுதிரை இயந்திரத்தின் முகம். மூளை அதன் பின்னால் உள்ள கட்டுப்படுத்தி. பெரிய தொழிற்சாலைகளில் இதனைப் பி.எல்.சி. என்பார்கள். நாம் திரையில் தொடும் கட்டளை ஒரு கம்பி வழியாக மூளைக்குச் செல்கிறது. ஆகவே திரை இருண்டாலும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கலாம். 'திரை அணைந்துவிட்டது, இயந்திரமும் நின்றுவிட்டது' என்று நினைத்துக் கையை உள்ளே விடுவது பேராபத்து. அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புக் குமிழ் திரையில் வரைந்த படமாக இருக்கக் கூடாது. கையால் அழுத்தக்கூடிய உண்மையான ஆளியாக, தனிக் கம்பியுடன் இருக்க வேண்டும்.

தொடுதிரையில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று அழுத்தத்தால் இயங்குவது: மேலுள்ள மெல்லிய படலம் கீழுள்ளதைத் தொடும்போது இடத்தை உணரும். கையுறையுடனும் இயங்கும், ஆனால் பேனா முனையோ திருப்புளியோ பட்டால் படலம் கிழியும். மற்றையது விரலின் மின்னேற்றத்தை உணர்வது: கண்ணாடி உறுதியானது, ஆனால் ஈரக் கையிலும் தடித்த கையுறையிலும் தடுமாறும். நமது ஆலையில் இருப்பது எது என்று இயக்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

நாமே செய்யக்கூடியவை

1. திரையைப் பூட்டிவிட்டு அல்லது அணைத்துவிட்டு, மென்மையான துணியைச் சிறிது நனைத்துத் துடையுங்கள். தின்னர், பெற்றோல் வேண்டாம். திரவத்தை நேரே தெளிக்க வேண்டாம்.

2. 'ஐ.பி. 65' என்று எழுதியிருந்தால் தூசியும் நீரும் புகாது என்பது முன்பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். பின்பக்கம் திறந்ததே. தவிட்டுத் தூசி, எறும்பு, பல்லி புகாதபடி பெட்டிக் கதவையும் இறப்பர் விளிம்பையும் கவனியுங்கள்.

3. இத்தகைய திரைகளில் பல 50 பாகை செல்சியஸ் வரையே தாங்கும். தகரக் கூரையின் கீழ் மூடிய பெட்டிக்குள் வன்னி வெயிலில் அந்த எல்லை தூரமில்லை. காற்றோட்டம் தேவை.

4. இடி மின்னலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் பெரும் எதிரிகள். புவித்தொடுப்பை மின்னியலாளரைக் கொண்டு சோதிப்பியுங்கள்.

5. ஓரிடத்தைத் தொட்டால் வேறிடம் இயங்குகிறதா? திரை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அழுத்தத்தால் இயங்கும் திரையில் தொடும் இடங்களைச் சீர்செய்யும் வசதி அமைப்புப் பக்கத்தில் இருக்கும்.

6. திரை இருண்டால், பாதுகாப்பாக மின்சாரத்தை நிறுத்திய பின் உருகியையும் தளர்ந்த கம்பிகளையும் பாருங்கள். பல திரைகள் 24 வோல்ற் நேரோட்டத்தில் இயங்குபவை. திரை நன்றாயிருக்க, அதற்கு மின்கொடுக்கும் சிறு பெட்டி பழுதாகியிருக்கலாம்.

சாவி யாரிடம்?

இயந்திரத்தை வாங்கும்போது விலையைப் பேரம்பேசுகிறோம்; கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. திரைக்குள் இருக்கும் நிரலின் பிரதி நம்மிடம் இல்லாவிட்டால், புதிய திரை வாங்கினாலும் அது வெறும் கண்ணாடியே. எனவே கூட்டுறவுச் சங்கங்களும் ஆலை உரிமையாளர்களும் பணத்தைச் செலுத்தி முடிப்பதற்கு முன் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: கடவுச்சொல், நிரலின் பிரதி, கம்பி இணைப்பு வரைபடம். சரியாக ஓடும் நாளின் அளவீடுகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திரையில் தோன்றும் ஆங்கில எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். எச்சரிக்கையை வாசிக்க முடியாத தொழிலாளி அதனை அழித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். அவர்மீது குற்றம் சொல்வது நியாயமா?

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அங்கேயே இருக்கிறது. நமது பிள்ளைகளுக்குக் கற்க இடமுண்டு. கற்றுவரும் இளைஞர் யுவதிகளை நமது ஆலைகள் அழைக்கின்றனவா என்பதே கேள்வி. ஓர் ஊரில் நான்கு ஆலைகள் சேர்ந்து பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தினால், அறுவடைக் காலத்தில் யாரும் தெருவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிறர் செய்த இயந்திரத்தை வாங்குவது தவறல்ல. அதன் அறிவையும் பிறரிடமே விட்டுவைப்பதுதான் தங்கிவாழ்தல். அடுத்த காலபோகத்துக்கு முன் உங்கள் ஊர் ஆலையின் திரைக்கு முன் நின்று கேளுங்கள்: இதன் கடவுச்சொல் நம்மில் யாருக்குத் தெரியும்?