நான்கு விநாடிக் கணக்கு

2018 அக்டோபர் 28 இரவு, பாலித் தீவிலிருந்து ஜகார்த்தா கிளம்பிய லயன் ஏர் விமானம் ஒன்று, விமானி கேட்காமலே மூக்கைக் கீழே இறக்கத் தொடங்கியது. போயிங் 737 மேக்ஸ் ரகம் அது. விமானி அறையில் கூடுதலாக இன்னொரு விமானியும் இருந்தார். வால் சிறகை இயக்கும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றியே ஓட்டிப் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். ஆனால், பராமரிப்புப் பதிவேட்டில் மின்சாரத்தைத் துண்டித்த விவரம் ஏறவில்லை. மறுநாள் காலை அதே விமானம் வேறு இரு விமானிகளுடன் கிளம்பி, கால் மணி நேரத்துக்குள் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேரும் இறந்தார்கள்.

காரணம், எம்காஸ் என்ற மென்பொருள். மேக்ஸ் ரகத்தில் பெரிய எஞ்சின்களைச் சற்று முன்னால் தள்ளி, மேலே ஏற்றிப் பொருத்த வேண்டியிருந்தது. அதனால் சில நிலைகளில் விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி நிமிரும். அதைத் தடுக்க, வாலில் உள்ள கிடைச் சிறகைத் தானே நகர்த்தி மூக்கை இறக்குவதுதான் எம்காஸின் வேலை. விமானம் காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று அளக்கும் சென்சார்கள் இரண்டு இருந்தும், எம்காஸ் அவற்றில் ஒன்றை மட்டுமே நம்பியது. லயன் ஏர் விமானத்தில் அந்தச் சென்சார் சுமார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது.

கடலில் விழுந்த அன்று அந்த விமானி அறையில் என்ன நடந்திருக்கும்? தரையை விட்டு எழும்பும்போதே கட்டுப்பாட்டுத் தண்டு தடதடவென அதிர்கிறது. விமானம் வேகமிழந்து விழப்போகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. வேகமானியும் உயரமானியும் இருபக்கமும் வெவ்வேறு எண்களைக் காட்டுகின்றன. இதற்கு நடுவே மூக்கு இறங்குகிறது. விமானி வால் சிறகை நகர்த்தும் விசையை அழுத்தி நிமிர்த்துகிறார். ஐந்து விநாடி கழித்து எம்காஸ் மறுபடி இறக்குகிறது. தலைமை விமானி இருபது முறைக்கு மேல் இப்படிப் போராடிவிட்டு, துணை விமானியிடம் ஒப்படைத்தார். துணை விமானி விசையை அழுத்திய நேரம் போதவில்லை. எம்காஸ் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. விமானிகளின் கையேட்டில் அது விளக்கப்படவே இல்லை.

போயிங்கின் பாதுகாப்புக் கணக்கு இப்படி இருந்தது: சிறகு தானாக நகர்ந்தால், விமானி சுமார் நான்கு விநாடிக்குள் உணர்ந்து சரிசெய்துவிடுவார். இதைச் சோதித்தபோது சிறகு நகர்வதை மட்டும்தான் செய்து காட்டினார்கள். சென்சார் கெட்டால் கூடவே கிளம்பும் அதிர்வும் மற்ற எச்சரிக்கைகளும் அந்தச் சோதனையில் இல்லை. அமைதியான அறையில் சரியாக வந்த கணக்கை, ஐந்தாறு அலாரம் ஒரே நேரத்தில் அடிக்கும் அறைக்கும் பொருத்திவிட்டார்கள். என் பார்வையில் பெரிய தவறு இதுதான். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 2019 செப்டம்பரில் இந்தக் குறையைத்தான் சுட்டிக்காட்டியது.

‘திறமையான விமானி சமாளித்திருப்பார்’ என்று சொல்வோர் இன்றும் உண்டு. அவர்கள் அடுத்து விழுந்த எத்தியோப்பிய மேக்ஸ் விமானத்தைப் பார்க்க வேண்டும். லயன் ஏர் விபத்துக்குப் பிறகு, மூக்கு தானாக இறங்கினால் வால் சிறகின் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி மேக்ஸ் விமானிகளுக்கு அறிவுறுத்தல் போயிருந்தது. 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவில் கிளம்பிய விமானிகள் அதைச் செய்யவும் செய்தார்கள். ஆனால் எஞ்சின் முழு விசையிலேயே இருந்ததால் வேகம் மிக அதிகம். சிறகின்மேல் காற்றின் அழுத்தம் ஏறி, கைச்சக்கரம் அசையவில்லை. வேறு வழியின்றி மின்சாரத்தைத் திரும்ப இணைத்தார்கள். எம்காஸ் உயிர்பெற்றது. கிளம்பிய ஆறே நிமிடத்தில் 157 உயிர்கள் போயின. எஞ்சின் விசையைக் குறைக்காதது விமானிகளின் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கடிக்குள் அவர்களைத் தள்ளியது ஒரே ஒரு சென்சார்.

உலகம் முழுவதும் நிறுத்தப்பட்ட மேக்ஸ் விமானங்களுக்கு 2020 நவம்பரில் அமெரிக்கா மீண்டும் அனுமதி தந்தது. இப்போது எம்காஸ் இரண்டு சென்சார்களையும் ஒப்பிடுகிறது. அவை முரண்பட்டால் இயங்காது. இயங்கினாலும் ஒரு முறைக்கு மேல் இறக்காது. விமானி தண்டை இழுத்தால் அவர் கைதான் ஓங்கும். சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயமாகிவிட்டது. இவற்றில் ஒன்றுகூட, மேக்ஸ் பறக்கத் தொடங்கிய 2017-லேயே செய்ய முடியாத காரியம் அல்ல.