108 வரும்வரை: தன்னார்வ முதலுதவியாளரின் பணி

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பல நாள்கள் காத்திருந்து, நோயாளியை நலமுடன் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் உறவினர்கள் விடைபெறும்போது எங்களிடம் ஒன்று கேட்பதுண்டு: “டாக்டர், வழியில் யாரோ உதவியதால்தான் இவர் பிழைத்தார். அதேபோல் பிறருக்கு உதவ நாங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?” வார்டில் நின்றபடி இரண்டு வரிகளில் இதற்கு விடை கூற இயலாது. ஆகவே இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008ஆம் ஆண்டு தொடங்கியது. தீ விபத்துக்கு 101 என்ற எண் உள்ளது. காவல், தீயணைப்பு, மருத்துவ உதவி ஆகிய அனைத்துக்கும் 112 என்ற பொது எண்ணையும் அழைக்கலாம். ஆயினும் எவ்வளவு விரைவான வாகனமும் சாலையைக் கடந்துதான் வர வேண்டும். இதயத் துடிப்பு நின்றுவிட்டால், சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அந்த இடைவெளியில் அருகில் நிற்பவர் செய்யும் உதவியையே தன்னார்வ முதலுதவி என்கிறோம். மருத்துவர், ஆம்புலன்ஸ் பணியாளர், தீயணைப்பு வீரர் ஆகியோர் வந்து சேரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே அவ்வுதவியின் நோக்கம்.

துடிப்பு நின்றால்

விழுந்து கிடப்பவரின் தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். அவர் அசையாமலும் இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால் இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சை இயல்பான மூச்சு என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. ஒருவரை 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழ விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம். பயிற்சி பெறாதவர் வாயோடு வாய் வைத்து ஊதத் தேவையில்லை; இடைவிடாமல் அழுத்தினாலே போதும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சு கொடுப்பதும் முக்கியமாதலால், அதனைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளுதல் நன்று.

தீயும் தீக்காயமும்

எரியும் வீட்டுக்குள் நுழைவது தன்னார்வலரின் பணி அன்று. தீயைக் காட்டிலும் புகையே பலரை முதலில் மயக்கி வீழ்த்துகிறது. உள்ளே சென்றவர் திரும்பாவிட்டால், தீயணைப்பு வீரர்கள் மீட்க வேண்டியவர் இன்னும் ஒருவர் கூடிவிடுவார். 101ஐ அழைத்தல், அக்கம்பக்கத்தாரை வெளியேற்றுதல், வாகனம் உள்ளே வர வழியை ஒழித்துத் தருதல், உள்ளே எவரேனும் சிக்கியிருந்தால் அதை வீரர்களிடம் தெரிவித்தல் ஆகியவையே வெளியில் நிற்பவர் செய்யத்தக்கவை. எண்ணெயில் பற்றிய தீயிலும் மின்கசிவால் எழுந்த தீயிலும் நீரை ஊற்றலாகாது.

ஒருவரின் உடையில் தீப்பற்றினால் அவரை ஓட விடாமல் படுக்க வைத்து உருட்டுங்கள். கனத்த பருத்திப் போர்வையால் மூடலாம். தீ அணைந்ததும், ஓடும் குளிர்ந்த குழாய் நீரைக் காயத்தின்மேல் 20 நிமிடம் விடுங்கள். பற்பசை, பேனா மை, மஞ்சள் முதலியவற்றைப் பூசிய நிலையில் எங்களிடம் வருவோர் இன்றும் உளர். காயத்தின் ஆழத்தைக் கணிக்குமுன் அவற்றைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கிறது. அது நோயாளிக்கு மேலும் வேதனை தருகிறது.

சட்டம் குறித்த அச்சம்

“உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே” என்று தயங்குவோர் பலர். 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க இயலாது. தம் பெயரையும் முகவரியையும் கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. சிகிச்சைச் செலவை எண்ணியும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

எல்லா முயற்சியும் பலிப்பதில்லை

ஓர் இரவு, அறுபதைக் கடந்த தந்தையை மகன் அழைத்து வந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரே மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். எங்களால் தந்தையைக் காப்பாற்ற இயலவில்லை. செய்தியைச் சொன்னபோது மகன் கேட்டார்: “நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா, டாக்டர்? அழுத்தும்போது எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.” சரியாக அழுத்தும்போதும் விலா எலும்பு முறிவதுண்டு என்றும், இறப்புக்கு அது காரணம் அன்று என்றும் அவருக்கு விளக்கினோம். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஆனால் எவரும் அழுத்தாதபோது, இருக்கும் சிறு வாய்ப்பும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும். அவர் தம் தந்தைக்கு அந்த வாய்ப்பை அளித்தார். தன்னார்வலராக முன்வருவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம். அத்தகைய நிகழ்வுக்குப் பின் உறக்கம் கெட்டால், மனம் விட்டு எங்களிடம் பேசுங்கள்.

எங்கே கற்பது?

இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் அனுசரிக்கப்படுகிறது. அவ்வாரத்தில் தீயணைப்புத் துறையினர் நடத்தும் செயல்விளக்கங்களுக்குக் குடும்பத்துடன் சென்று வாருங்கள்.

அண்மையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தாமே மார்பை அழுத்தவோ ஆளைத் தூக்கவோ முயல வேண்டாம். தொலைபேசியில் இடத்தைத் தெளிவாகச் சொல்வதும், தெருமுனையில் ஒருவரை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டச் செய்வதும் அவர்களால் இயலும். இதய நோயாளி உள்ள வீட்டில் குறைந்தது இருவரேனும் இப்பயிற்சியைப் பெற்றிருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, பயிற்சி பெற்றவர் யார் என்று கேட்போம்.