பலா மரத்துக்குள் தெரியும் ராஜா

கேரளத்தின் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாவின் அடிமரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அம்மச்சிப் பிலாவு என்று பெயர். எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது, பின்னாளில் திருவிதாங்கூரின் ராஜாவான மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் சொல்லும் கதை. இந்தக் கதையை ஆறு வயதுப் பிள்ளை ஒன்றிடம் சொல்லிப் படம் போடச் சொல்லிப் பாருங்கள். முதலில் மரம் வரும். தடித்த மரம், உச்சியில் இலை, அடிமரத்தில் தொங்கும் சக்கை. அப்புறம் அந்த மரத்துக்குள்ளேயே, பட்டைக்கு நடுவில், ராஜா வருவார். கிரீடம், மீசை, இரண்டு கண், இரண்டு கை, எல்லாம் முழுசாக. மரப்பட்டை கண்ணாடியாகிவிட்டிருக்கும்.

“மரத்துக்குள்ள இருந்தா வெளியில தெரியமாட்டாரே மக்களே?” என்று கேட்டால் பிள்ளை நம்மை ஒரு மாதிரி பார்க்கும். உள்ளேதானே இருக்கிறார், பிறகு எங்கே வரைவதாம்?

இந்தக் கண்ணாடி மரத்துக்கு ஏறக்குறைய நூறு வருட ஆராய்ச்சி உண்டு. ஜார்ஜ் ஆன்றி லூக்கே என்ற பிரெஞ்சுக்காரர், தன் மகள் வரைந்த படங்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்தவர், 1927இல் குழந்தைகளின் ஓவியம் பற்றி ஒரு நூல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் கண்ணால் காண்பதை வரைவதில்லை, தமக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்றார். சுவருக்குப் பின்னால் அம்மா சமைப்பதும், தண்ணீருக்கு அடியில் மீன் போவதும் அதனால்தான் படத்தில் வந்துவிடுகின்றன.

1972இல் நார்மன் ஃப்ரீமனும் ஜானிகூனும் இதை ஒரு கோப்பையை வைத்துச் சோதித்தார்கள். கோப்பையில் ஒரு பூப்படம். அது பிள்ளையின் பக்கம் பார்த்திருக்கும். கைப்பிடி பின்பக்கம் மறைந்திருக்கும். பார்ப்பதை அப்படியே வரை என்று சொன்னால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் கண்முன் இருக்கும் பூவை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கைப்பிடியை வரைந்தார்கள். எட்டு வயதையொட்டி இது தலைகீழானது. கைப்பிடி போய்ப் பூ வந்தது. செலவில்லாத சோதனை. இன்று சாயங்காலம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளை கைப்பிடி போட்டதும் ‘தப்பு’ என்று சொல்லக் கூடாது. கைப்பிடி இல்லாவிட்டால் அது கோப்பையாக எப்படித் தெரியும் என்பது அதன் நியாயம்.

பள்ளிக்கு ஒரு சிறார் எழுத்தாளரையும் ஓவியரையும் அழைப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் கோப்பையில் வந்து நிற்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. பிள்ளையின் அந்த நியாயத்தை வளர்ந்த பிறகும் மறக்காதவர்கள்தான் குழந்தைகளுக்குப் படம் போடுகிறவர்கள். நல்ல ஓவியர் ஒருவர் அதே பலாமரத்தை வரைந்தால் பொந்தை இருட்டாக விட்டுவிட்டு, மரத்தடியில் ஒற்றைச் செருப்பை மட்டும் போட்டுவைப்பார். ராஜாவை வரையாமலே ராஜாவைக் காட்டும் வழி அது. ஆறு வயதுப் பிள்ளையும் அவரும் ஒரே சிக்கலைத்தான் தீர்க்கிறார்கள். இருவரும் சந்திக்க வேண்டாமா?

சந்திப்புக்குக் கேரளத்தில் ஏற்கெனவே வாசல் இருக்கிறது. நூலக இயக்கத்தின் பி. என். பணிக்கர் மறைந்தது 1995 ஜூன் 19. அந்த நாளை அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டிப் பள்ளிகளுக்கு எழுத்தாளர்கள் வருவது வழக்கம். பள்ளிகளில் வித்யாரங்கம் கலா சாகித்ய வேதி என்ற மன்றம் உண்டு. 2019 நவம்பரில் கல்வித் துறை இதைத் திருப்பிப் போட்டும் பார்த்தது: பிள்ளைகளே தங்கள் பகுதியிலிருக்கும் எழுத்தாளர், கலைஞர் வீடுகளுக்குப் போய் அவர்களைக் கண்டு வந்தார்கள். எனக்குப் பிடித்த யோசனை அது. எழுத்தாளருக்கும் வீடு உண்டு, திண்ணை உண்டு, காயப்போட்ட வேட்டி உண்டு என்று தெரிவதே பெரிய பாடம்.

ஆனால் எல்லைக்கு இருபுறமும் நாம் அறிந்த கூட்டம் எப்படி நடக்கிறது? ஈசுவர வந்தனம், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது மூன்றாம் வகுப்பு பாதி தூங்கியிருக்கும். பிறகு அவரும் ‘நிறைய வாசியுங்கள்’ என்று அறிவுரை சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போவார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகளின் தலைக்குள் என்ன நடந்திருக்கும், என்ன நடந்திருக்கலாம் என்பதற்கு இப்போது ஓரளவு படமே எடுத்திருக்கிறார்கள்.

2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பெண்ணை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, ஒத்திகை பார்க்காத ஒரு சொந்தக் கதையைச் சொல்லவைத்தார்கள். பிறகு அந்தப் பதிவை மற்றவர்களுக்குப் போட்டுக்காட்டி அவர்கள் மூளையையும் படமெடுத்தார்கள். சொன்னவர் மூளையில் எழுந்த அதே அலை, சில விநாடிகள் பிந்திக் கேட்டவர் மூளையில் எழுந்தது. அதைவிட வியப்பு, சில பகுதிகளில் கேட்பவரின் மூளை முந்திக்கொண்டது. அடுத்தது என்ன என்று ஊகித்து, சொல்பவருக்கு முன்னால் போய் நின்றது. அப்படி முந்திப் போனவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்.

இந்த எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் குறைவாக இருக்கலாம். நெய்யாற்றின்கரையில் வில்லடிச்சாம்பாட்டு என்றும் நாகர்கோவிலில் வில்லுப்பாட்டு என்றும் சொல்கிற கலையில் பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவார். கதை கேட்பவர் தலைக்குள் நடப்பதை மேடையிலேயே ஓர் ஆளாக உட்காரவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கரும்பலகையில் ஓவியர் ஒரு வளைந்த கோடு இழுத்துவிட்டு நிறுத்துகிறார் என்று வையுங்கள். “பாம்பு!” “ஆறு!” “யானையோட தும்பிக்கை!” என்று கூச்சல் கிளம்பும். அந்தக் கூச்சல்தான் மூளை முந்திப் போகும் சத்தம். முடித்துவைத்த படத்தைத் திரையில் காட்டினால் அது கிளம்பாது.

அதே ஆய்வில் இன்னொன்றும் செய்தார்கள். ரஷ்ய மொழியே தெரியாதவர்களுக்கு ரஷ்ய மொழியில் ஒரு கதையைப் போட்டார்கள். அலை ஒத்துப்போவது நின்றுவிட்டது.

எல்லையோரக் கேரள ஊரான பாறசாலையில் மொழி சின்ன விஷயம் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. கோடு களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையில் விழுந்தது. பஸ்ஸில் போகிறவருக்குப் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுவதுதான் தெரியும், பேச்சு அவ்வளவு சட்டென்று மாறாது. இரண்டு பக்கமும் மரச்சீனிதான், சக்கைதான். ஒற்றைப் பிள்ளையைக்கூட ‘மக்களே’ என்று கூப்பிடுவதும் இரண்டு பக்கமும் உண்டு. தமிழில் வரை, மலையாளத்தில் வரய்க்குக. படம் இரண்டிலும் படம். கதை அங்கே கத. தமிழ் ஏட்டில் மட்டும் மிஞ்சிய ‘பறைதல்’ எல்லையோரத்தில் இன்னும் வாய்ச்சொல். ஆனால் எழுத்து வேறு. வீட்டில் ஒரு பேச்சு, பள்ளிப் புத்தகத்தில் வேறு லிபி என்று வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு. பலராமபுரத்தில் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் நெசவாளர்களும் நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே இங்கே யாரை அழைப்பது என்ற கேள்வியோடு எந்த வாயோடு அழைப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. ஏட்டுத் தமிழில் பேசினாலும், வடக்கே உள்ள வள்ளுவநாட்டின் மலையாளத்தில் பேசினாலும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ரஷ்ய மொழிதான். இரண்டு கரையும் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. யூமா வாசுகி ஓவியம் பயின்றவர், கவிஞர், குழந்தைகளுக்கு எழுதுபவர். ஓ. வி. விஜயனின் மலையாள நாவலைக் ‘கசாக்கின் இதிகாசம்’ என்று தமிழாக்கியதற்குச் சாகித்ய அகாதெமியின் 2017ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். ‘தன்வியின் பிறந்தநாள்’ கதைகளுக்காக 2024இல் பால சாகித்ய விருதும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ‘ஆதனின் பொம்மை’க்காக அதே விருதைப் பெற்ற உதயசங்கர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், மலையாளச் சிறார் நூல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ரயில்வேக்காரர் என்றால் இஞ்சினைப் பற்றிக் கேட்கவே பாதி வகுப்பு கை தூக்கும்.

லிபி பிரிக்கும் இடத்தைப் படம் சேர்க்கிறது என்று சொல்லிவிடுவது எளிது. எவ்வளவு படம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் ஹட்டன் மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 27 பிள்ளைகளுக்குக் கதைகளை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்: காதால் கேட்பது மட்டும்; கேட்டுக்கொண்டே அசையாப் படங்களைப் பார்ப்பது; கார்ட்டூனாகப் பார்ப்பது. வெறும் ஒலியில் பிள்ளைகள் மொழியோடு மல்லுக்கட்டினார்கள். கார்ட்டூனில் பார்வைப் பகுதி திணறியது, மற்றப் பகுதிகளோடு அதற்கிருந்த தொடர்பு தளர்ந்தது. அசையாப் படத்தில்தான் பார்வை, மொழி, கற்பனை மூன்றும் கைகோத்தன. படம் கொஞ்சம் சொல்கிறது. அசைக்கிற வேலையைப் பிள்ளை செய்கிறது. கைபேசியில் ஓடும் கார்ட்டூனில் அந்த வேலையையும் யாரோ செய்து முடித்துவிடுகிறார்கள்.

அசைவைப் பிள்ளையிடமே விட்டுவைக்கும் இந்த வித்தை பழையதுதான். குமரி மாவட்டத்தில் தோல்பாவைக் கூத்து நடத்தும் குடும்பங்கள் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். ஊரில் தமிழில் கதை சொல்வார்கள். ஆட்டுத்தோலில் வெட்டிய ஒரே அனுமன், விளக்குக்கு முன் கொஞ்சம் சாய்ந்தால் கோபம், நிமிர்ந்தால் பக்தி. ஜப்பானில் 1930களில் சைக்கிளில் மிட்டாய் விற்றவர்கள் படச்சட்டத்தில் அட்டைகளை மாற்றி மாற்றிக் கதை சொன்னதும், டென்மார்க்கின் கதாசிரியர் ஆண்டர்சன் பேசிக்கொண்டே கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டிக் கடைசியில் விரித்துக் காட்டியதும் இதே வித்தைதான். வாய் ஒரு பக்கம் போக, கை இன்னொரு பக்கம் போக, பிள்ளை இரண்டையும் இணைத்துக்கொள்ளும்.

கை என்றதும் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைக்கும் ஒரு நாளும், அதற்கு முன் வரும் ஓர் ஊர்வலமும் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலை முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் களியக்காவிளை வழியாக எல்லை தாண்டி, நெய்யாற்றின்கரையில் தங்கித் திருவனந்தபுரம் போகிறாள். கம்பர் வழிபட்ட சிலை என்பது நம்பிக்கை. இந்தச் சாலையில் ஆண்டு தவறாமல் வரும் எழுத்துலக விருந்தாளி அவள்தான். அந்த நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று கேரளமெங்கும் பிள்ளைகளுக்கு எழுத்தினிருத்து. எழுத்தாளர்களே பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதவைப்பதும் உண்டு.

அழகான சடங்கு. ஆனால் அடுத்த நாளே விரலை விட்டுவிட வேண்டும் என்கிறது அறிவியல். இந்தியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ் 2012இல் இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துகளை மூன்று விதமாகப் பழக்கினார்: விசைப்பலகையில் தட்டுவது, புள்ளிக்கோட்டின் மேல் இழுப்பது, தானே கையால் எழுதுவது. பிறகு எழுத்துகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, வாசிப்புக்கு உரிய பகுதிகள் தானே கையால் எழுதிய எழுத்துகளுக்குத்தான் விழித்தன. கோட்டின் மேல் கோடு இழுத்ததற்கு அந்தப் பலன் இல்லை. ஜேம்ஸ் சொல்லும் காரணம் இது: பிள்ளை தானே எழுதும்போது ‘அ’ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி கோணும். அத்தனை கோணலுக்குள்ளும் ஒரே எழுத்தைப் பார்க்க மூளை பழகுகிறது. கோணல்தான் பாடம்.

வரைவதற்கும் இது பொருந்துகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாம்ஸ், மீட், ஃபெர்னாண்டஸ் மூவரும் மாணவர்களுக்குச் சில சொற்களைக் கொடுத்து, சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சிலவற்றைப் படமாக வரையவும் சொன்னார்கள். ஒரு சொல்லுக்கு 40 விநாடி. வரைந்த சொற்கள் நினைவில் நின்ற அளவு, எழுதியவற்றைப் போல் பல சோதனைகளில் இரண்டு மடங்குக்கும் மேல். 4 விநாடியாகக் குறைத்தும் பலன் தெரிந்தது. படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பது பொருட்டே இல்லை. இதை அறிந்த பிறகு நாற்பது நிமிட வரவேற்புரையைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

எனவே அழைக்கப்போகும் பள்ளிக்கு என் யோசனை கொஞ்சம்தான். ஆயிரம் பேர் அசெம்பிளி வேண்டாம், ஒரு வகுப்பறை போதும். விருந்தினரின் புத்தகம் ஒன்றையாவது இரண்டு வாரம் முன்பே வகுப்பில் படித்துவையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் “சாருக்கு எத்தற வயசு?” என்பதற்கு மேல் போகமாட்டார்கள், படித்திருந்தால் “அந்த நாய் ஏன் சாகணும்?” என்று மடக்குவார்கள். பணமும் கொடுங்கள். பொன்னாடைக்கு ஆகும் செலவில் சாக்பீஸும் சார்ட்டும் வாங்கலாம். அவர் தன் கெட்டுப்போன படங்களை, அடித்துத் திருத்திய பக்கங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அச்சான புத்தகம் பிள்ளைக்குச் சக்கை மாதிரி, மரத்தில் தானாகக் காய்த்தது. “இது சார் தன்னே வரச்சதா?” என்ற சந்தேகம் தீர வேண்டுமென்றால் அழிரப்பர் தேய்த்துக் கிழிந்த காகிதத்தைத்தான் காட்ட வேண்டும்.

கடைசியில் ஒரு பலாமரம். விருந்தினர் கரும்பலகையில் அடிமரத்தையும் கிளையையும் போட்டு, பொந்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, சாக்பீஸை அதன் கீழ்ச் சட்டத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். டீச்சர் அன்றைக்குப் பலகையைத் துடைக்க வேண்டாம். மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் யாராவது ஒருவர் அதற்குள் ஏறி உட்கார்ந்திருப்பார்.